பழைய லினக்ஸிலிருந்து புதிய லினக்ஸுக்கு: பைல்களை இழக்காமல் டிஸ்க்கைப் பிரிப்பது எப்படி?

முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும் எல்லோரும் அதைக் கடையில் புதிதாக வாங்குவதில்லை. அண்ணன் பயன்படுத்தியது, அலுவலகத்தில் கழித்தது, தெரிந்தவரிடம் குறைந்த விலைக்கு வாங்கியது எனப் பழைய கம்ப்யூட்டர்களும் வீடுகளுக்கு வருகின்றன. அவற்றில் பலவற்றில் யாரோ ஒருவர் எப்போதோ பதிந்து வைத்த லினக்ஸ் சிஸ்டம் இருக்கும். சில மாதங்கள் பயன்படுத்திய பின், டிஸ்க்கில் இடம் இல்லை என்ற எச்சரிக்கை வரும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும்.

அதற்குள் அந்தக் கம்ப்யூட்டரில் குடும்பப் போட்டோக்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், வீட்டுக் கணக்கு எல்லாம் சேர்ந்திருக்கும். லினக்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோட் செய்து பதியலாம். அந்தப் போட்டோக்களை எங்கிருந்தும் டவுன்லோட் செய்ய முடியாது. இந்தக் கட்டுரையில் கூறப்படும் வழிமுறைகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டாக, லினக்ஸ் மின்ட் 19 இயங்கும் ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு, அதில் லினக்ஸ் மின்ட் 22 பதிவது வரை பார்க்கலாம்.

<b>ஏன் மாற்ற வேண்டும்?</b>

லினக்ஸ் மின்ட் 19, 2018ல் வெளியானது. அதற்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2023 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. கம்ப்யூட்டர் வழக்கம் போல இயங்கும். ஆனால் அதன் பிறகு கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் அதில் சரி செய்யப்படவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல.

லினக்ஸ் மின்ட் 22, 2024 ஜூலையில் வெளியானது. இதற்கு 2029 வரை அப்டேட்கள் உண்டு. 19லிருந்து 20, 21, 22 என்று ஒவ்வொரு படியாக அப்கிரேட் செய்து வரவும் வழி உள்ளது. ஆனால் மூன்று முறை முழு சிஸ்டத்தையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் நிறையக் காலி இடம் தேவை. நேரடியாகப் புதிய பதிப்பைப் பதிவதே சுலபம்.

தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மின்ட் 19ல் 32 பிட் பதிப்பும் இருந்தது. 2020ல் வந்த மின்ட் 20 முதல் 64 பிட் மட்டுமே. உங்கள் ப்ராசசர் 64 பிட் வகையா என்பதை "சிஸ்டம் இன்பர்மேஷன்" விண்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள். ராம் மெமரி குறைந்தது 2 ஜிபி, வசதியாக இயங்க 4 ஜிபி வேண்டும். டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபி தேவை. 100 ஜிபி இருப்பது நல்லது என்று மின்ட் குழு பரிந்துரைக்கிறது.

<b>பார்ட்டிஷன் என்றால் என்ன?</b>

ஒரு மனைக்குள் சுவர் எழுப்பி அறைகளாகப் பிரிப்பது போல, ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரிப்பதே பார்ட்டிஷன். ஓர் அறை நிரம்பிவிட்டால், அடுத்த அறை காலியாக இருந்தாலும் அந்த இடம் இதற்குத் தானாக வராது. இடம் இல்லை என்ற எச்சரிக்கைக்கு இதுவே காரணம்.

விண்டோஸில் சி, டி என்று டிரைவ்கள் தனித்தனியாகத் தெரியும். லினக்ஸில் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாகத் தெரியும். மரத்தின் வேர் "/" என்ற சாய்கோடு. இதை ரூட் என்பார்கள். சிஸ்டமும் அப்ளிகேஷன்களும் இங்கே இருக்கும். உங்கள் பைல்களும் செட்டிங்குகளும் "/ஹோம்" என்ற டைரக்டரியில் இருக்கும். இந்த ஹோம் டைரக்டரியைத் தனிப் பார்ட்டிஷனில் வைக்க முடியும்.

நம் எடுத்துக்காட்டில் உள்ள 500 ஜிபி டிஸ்க் இவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது:

எஸ்டிஏ1 - ரூட் - 20 ஜிபி (நிரம்பிவிட்டது)
எஸ்டிஏ2 - ஸ்வாப் - 4 ஜிபி
எஸ்டிஏ3 - ஹோம் - 441 ஜிபி (180 ஜிபி பயன்பாட்டில் உள்ளது)

கூட்டினால் 465 தானே வருகிறது, மீதி எங்கே என்று கேட்பீர்கள். எதுவும் காணாமல் போகவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறார்கள். பார்ட்டிஷன் சாப்ட்வேர் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்று காட்டுகிறது. அளவுகோல் வேறு, இடம் ஒன்றே.

ஸ்வாப் என்பது ராம் மெமரி போதாத போது சிஸ்டம் பயன்படுத்தும் தற்காலிக இடம். அதில் உங்கள் பைல் எதுவும் இருக்காது.

<b>20 ஜிபி எப்படி நிரம்புகிறது?</b>

பெரும்பாலும் டைம்ஷிப்ட் தான் காரணம். இது சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கும் நல்ல சாப்ட்வேர். ஆனால் அந்தப் பிரதிகளை ரூட் பார்ட்டிஷனிலேயே வைக்கும்படி அமைத்திருந்தால் இடம் விரைவில் தீர்ந்துவிடும். டைம்ஷிப்டைத் திறந்து பழைய பிரதிகளை அழித்தால் உடனே சில ஜிபி கிடைக்கும். அப்டேட் மேனேஜரில் பழைய கெர்னல்களை நீக்கினாலும் இடம் கிடைக்கும்.

டைம்ஷிப்ட் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று நினைக்க வேண்டாம். அது சிஸ்டம் பைல்களைக் காப்பதற்கானது. வழக்கமான அமைப்பில் உங்கள் போட்டோக்களும் டாகுமெண்ட்களும் அதில் சேராது.

<b>முதல் வேலை: பேக்கப்</b>

பார்ட்டிஷனைத் தொடும் முன் பைல்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும். இதே ஹார்ட் டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்து, உங்கள் ஹோம் போல்டரை முழுவதும் காப்பி செய்யுங்கள். காப்பி செய்யும் முன் கண்ட்ரோல், ஹெச் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த போல்டர்கள் தெரியும். பயர்பாக்ஸ் புக்மார்க்குகள், தண்டர்பேர்ட் மெயில்கள் எல்லாம் இவற்றில் தான் உள்ளன.

யுஎஸ்பி டிஸ்க் ஃபேட்32 முறையில் பார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள ஒரு பைலை ஏற்காது. நீளமான கல்யாண வீடியோ அப்படியே நின்றுவிடும். எக்ஸ்ட்4 அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

ஹோம் டைரக்டரிக்கு வெளியே உள்ளவற்றை மறந்துவிடாதீர்கள். கல்லூரி ப்ராஜெக்டுக்காக வெப் சர்வரும் டேட்டாபேஸும் வைத்திருந்தால், அந்தப் பைல்கள் ரூட் பார்ட்டிஷனில் "வார்" டைரக்டரியின் கீழ் இருக்கும். டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து ஹோமில் சேமியுங்கள். சிஸ்டம் முழுமைக்குமாகப் பதிந்த தமிழ் எழுத்துருக்களும் ரூட்டில் தான் இருக்கும். நீங்கள் தனியாகப் பதிந்த அப்ளிகேஷன்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மின்ட் 19 பதியும்போது ஹோம் போல்டரை என்கிரிப்ட் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்திருந்தால், லாக் இன் செய்த நிலையில் தான் பைல்களை வெளியே காப்பி செய்ய வேண்டும். பென் டிரைவில் பூட் செய்து பார்த்தால் புரியாத பெயர்கள் மட்டுமே தெரியும். அத்தகைய ஹோமைக் கீழே சொல்லும் முறையில் அப்படியே புதிய சிஸ்டத்தில் இணைக்க வேண்டாம்.

<b>பேக்கப்பைச் சோதியுங்கள்</b>

காப்பி முடிந்தது என்று விண்டோ மூடிக்கொண்டால் போதாது. யுஎஸ்பி டிஸ்க்கைப் பாதுகாப்பாகக் கழற்றி, மீண்டும் இணைத்து, ஒவ்வொரு போல்டரிலும் சில பைல்களைத் திறந்து பாருங்கள். மூல போல்டரிலும் பிரதியிலும் வலது கிளிக் செய்து "ப்ராப்பர்டீஸ்" பாருங்கள். பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் டெர்மினலில் "டிஃப்" என்ற கட்டளை உள்ளது. டி, ஐ, எஃப், எஃப் என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துக்களை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஆர் என்ற எழுத்தும் சேர்த்து டைப் செய்யுங்கள். பின் மீண்டும் இடைவெளி விட்டு, போட்டோ போல்டரையும் அதன் பிரதியையும் ஒன்றன் பின் ஒன்றாக டெர்மினலுக்குள் இழுத்து விட்டு என்டர் தட்டுங்கள். இரண்டும் முழுவதும் ஒன்றாக இருந்தால் எந்தச் செய்தியும் வராது. வேறுபாடு இருந்தால் அந்தப் பைலின் பெயர் வரும். இங்கே மௌனமே நல்ல செய்தி.

டிஸ்க்கை மாற்றி அமைக்கும் நேரத்தில் அதில் உள்ள பைல்களை நம்ப முடியாது. அப்போது உங்களுக்கென்று இருப்பது யுஎஸ்பி டிஸ்க்கில் உள்ள ஒரே ஒரு பிரதி தான். ஆகவே திரும்பக் கிடைக்காத போட்டோக்களை மட்டுமாவது ஒரு பென் டிரைவிலும் சேர்த்து வையுங்கள்.

<b>டிஸ்க் நலமாக உள்ளதா?</b>

மெனுவில் "டிஸ்க்ஸ்" என்ற அப்ளிகேஷனைத் திறந்து, உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஸ்மார்ட் தகவல்களைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல் இது. டிஸ்க் பழுதாகிறது என்று வந்தாலோ, பழுதடைந்த செக்டார்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலோ பார்ட்டிஷன் வேலையே வேண்டாம். பைல்களை வெளியே எடுத்துவிட்டு வேறு டிஸ்க் வாங்குங்கள்.

<b>மூன்று வழிகள்</b>

ரூட்டுக்கு அதிக இடம் தர மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி பலரும் முதலில் நினைப்பது. ஹோம் பார்ட்டிஷனின் இடது ஓரத்தை வலப்பக்கம் தள்ளி, கிடைக்கும் இடத்தை ரூட்டுடன் சேர்ப்பது. திரையில் சுவரை நகர்த்துவது போலச் சுலபமாகத் தெரியும். ஆனால் பார்ட்டிஷனின் தொடக்கம் நகர்ந்தால், அதில் உள்ள பைல்கள் எல்லாம் டிஸ்க்கில் வேறு இடத்திற்குக் காப்பி ஆக வேண்டும். 180 ஜிபி என்றால் பழைய டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் பார்ட்டிஷன் பாதி இங்கும் பாதி அங்குமாக நின்றுவிடும். இந்த வழியைக் கூடியவரை தவிர்க்கலாம்.

இரண்டாவது வழி எஸ்எஸ்டி ஒன்று வாங்குவது. டெஸ்க்டாப் என்றால் அதைக் கூடுதலாக இணைத்து, புதிய சிஸ்டத்தை அதில் பதியலாம். பழைய டிஸ்க்கில் ஹோம் அப்படியே இருக்கும். லேப்டாப் என்றால் பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டியைப் பொருத்தி, பழையதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுவிடலாம். அதில் எதையும் மாற்றாததால் அதுவே ஒரு முழு பேக்கப். கம்ப்யூட்டரின் வேகமும் நன்றாகக் கூடும். பணம் செலவிட முடிந்தால் இதுவே சிறந்த வழி.

மூன்றாவது வழி செலவில்லாதது. ஹோம் பார்ட்டிஷனின் வலது ஓரத்தை மட்டும் சுருக்கி, டிஸ்க்கின் கடைசியில் 100 ஜிபி இடம் எடுத்து, அங்கே புதிய ரூட் அமைப்பது. ஹோமின் தொடக்கம் நகர்வதில்லை. கடைசிப் பகுதியில் பைல்கள் இருந்தால் அவை மட்டுமே முன்னே நகரும். பழைய சிஸ்டத்தைத் தொடுவதே இல்லை. புதியது சரியாக வராவிட்டால் பழையது கைவசம் இருக்கும். இந்த வழியையே இங்கு விரிவாகப் பார்ப்போம்.

பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன்கள் 4 மட்டுமே இருக்க முடியும். நம்மிடம் 3 உள்ளன. புதிய ரூட் நான்காவது. உங்கள் டிஸ்க்கில் ஏற்கனவே 4 இருந்தால் ஸ்வாப் பார்ட்டிஷனை நீக்கிக்கொள்ளலாம். ஸ்வாப் பார்ட்டிஷன் இல்லாவிட்டால் மின்ட் அதை ஒரு பைலாக அமைத்துக்கொள்ளும். ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க்கில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

<b>பென் டிரைவில் பூட் செய்தல்</b>

மின்ட் 22ஐ அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து, 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் எழுத வேண்டும். மின்ட் 19லேயே "யுஎஸ்பி இமேஜ் ரைட்டர்" உள்ளது. இமேஜை எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். போட்டோ பிரதி உள்ள பென் டிரைவை இதற்கு எடுத்துவிடாதீர்கள்.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து எஃப்12, எஃப்2 அல்லது எஸ்கேப் கீயை அழுத்தினால் பூட் மெனு வரும். கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கில் எதையும் பதியாமலேயே மின்ட் இயங்கத் தொடங்கும். வை-ஃபை, ஒலி, டச்பேட் ஆகியவை சரியாக இயங்குகின்றனவா என்று இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் இருக்கும் பார்ட்டிஷனையே சுருக்க முடியாது என்பதால் தான் இந்த ஏற்பாடு. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைப் பெரிதாக்குவதைச் சிஸ்டம் இயங்கும்போதே செய்யலாம். சுருக்குவதற்கு அது பயன்பாட்டில் இல்லாமல் இருக்க வேண்டும்.

<b>ஜிபார்ட்டட் மூலம் சுருக்குதல்</b>

டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருப்பது அவசியம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும். சார்ஜரும் இணைப்பில் இருக்கட்டும். பேக்கப் எடுத்த யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இணைப்பில் இல்லாத டிஸ்க்கைத் தவறுதலாக அழிக்க முடியாது.

1. மெனுவில் ஜிபார்ட்டட் திறக்கவும். வலது மேல் மூலையில் உள்ள பட்டியலில் சரியான டிஸ்க் உள்ளதா என்று அளவை வைத்து உறுதி செய்யவும். பென் டிரைவும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

2. 441 ஜிபி உள்ள ஹோம் பார்ட்டிஷனில் வலது கிளிக் செய்து "செக்" தேர்ந்தெடுக்கவும். பைல் அமைப்பில் பிழை இருந்தால் இது சரி செய்யும். மேலே உள்ள டிக் அடையாளத்தைக் கிளிக் செய்து இதை முதலில் முடித்துக்கொள்ளவும்.

3. மீண்டும் வலது கிளிக் செய்து "ரீசைஸ்/மூவ்" தேர்ந்தெடுக்கவும். படத்தின் வலது ஓரத்தை இடப்பக்கம் இழுத்து, அளவை 341 ஜிபி ஆக்கவும். "முன் உள்ள காலி இடம்" என்ற கட்டத்தில் 0 இருக்க வேண்டும். வேறு எண் வந்தால் இடது ஓரமும் நகர்கிறது என்று பொருள், சரி செய்யவும்.

4. கடைசியில் தோன்றும் 100 ஜிபி காலி இடத்தில் வலது கிளிக் செய்து "நியூ" கொடுத்து, எக்ஸ்ட்4 தேர்ந்தெடுக்கவும். இதுவே எஸ்டிஏ4.

5. கீழே உள்ள பட்டியலை ஒரு முறை படித்துப் பார்க்கவும். டிக் அடையாளத்தைக் கிளிக் செய்யும் வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. கிளிக் செய்த பின் முடியும் வரை கை வைக்க வேண்டாம்.

ஹோம் பார்ட்டிஷனைச் சுருக்கினால் பழைய சிஸ்டம் அதை எப்படிக் கண்டுபிடிக்கும் என்ற ஐயம் வரலாம். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யுயுஐடி என்ற நீண்ட அடையாள எண் உண்டு. லினக்ஸ் அந்த எண்ணை வைத்தே பார்ட்டிஷனைத் தேடுகிறது. அளவை மாற்றினால் அந்த எண் மாறாது. பார்மட் செய்தால் மாறிவிடும்.

இப்போது பென் டிரைவை எடுத்துவிட்டு, பழைய சிஸ்டத்தில் பூட் செய்து, உங்கள் போட்டோக்களைத் திறந்து பாருங்கள். எல்லாம் இருந்தால் அடுத்த கட்டத்திற்குப் போகலாம்.

<b>புதிய மின்டைப் பதிதல்</b>

மீண்டும் பென் டிரைவில் பூட் செய்து "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" ஐகானைக் கிளிக் செய்யுங்கள். எப்படிப் பதிய வேண்டும் என்று கேட்கும் திரையில் "இரேஸ் டிஸ்க்" என்ற வரி இருக்கும். அது முழு டிஸ்க்கையும் அழித்துவிடும். அதை விடுத்து "சம்திங் எல்ஸ்" தேர்ந்தெடுங்கள்.

பார்ட்டிஷன் பட்டியலில் எஸ்டிஏ4ஐ டபுள் கிளிக் செய்து, எக்ஸ்ட்4 என்று தேர்ந்தெடுத்து, பார்மட் கட்டத்தில் டிக் செய்து, மவுண்ட் பாயிண்டாக "/" கொடுங்கள். அடுத்து எஸ்டிஏ3ஐ டபுள் கிளிக் செய்து, எக்ஸ்ட்4 என்று தேர்ந்தெடுத்து, மவுண்ட் பாயிண்டாக "/ஹோம்" கொடுங்கள். இதில் பார்மட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. இந்த முழு வேலையிலும் இரண்டு முறை பார்க்க வேண்டிய இடம் இது தான். தொடரும் முன் எந்தெந்தப் பார்ட்டிஷன் பார்மட் ஆகும் என்று ஓர் அறிவிப்பு வரும். அதில் எஸ்டிஏ3 இருந்தால் பின்னே சென்று திருத்துங்கள்.

பூட் லோடர் இடம் எஸ்டிஏ என்று முழு டிஸ்க்காக இருக்கட்டும். யுஇஎஃப்ஐ முறைக் கம்ப்யூட்டரில் சில நூறு எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். அதை நீக்கவோ பார்மட் செய்யவோ கூடாது.

யூசர் பெயர் கேட்கும்போது பழைய சிஸ்டத்தில் இருந்த அதே பெயரை எழுத்து மாறாமல் கொடுங்கள். அப்போது தான் உங்கள் பழைய ஹோம் போல்டர் அப்படியே உங்களுக்குக் கிடைக்கும்.

<b>பதிந்த பிறகு</b>

ரீஸ்டார்ட் ஆனதும் பூட் மெனுவில் புதிய மின்ட், பழைய மின்ட் இரண்டும் இருக்கும். புதியதில் நுழைந்தால் போட்டோக்கள், டாகுமெண்ட்கள், பிரவுசர் புக்மார்க்குகள் இருந்தபடி இருக்கும். அப்ளிகேஷன்களைத் தாளில் எழுதிய பட்டியலைப் பார்த்துப் பதியுங்கள். பிரிண்டரையும் தமிழ்99 கீபோர்டையும் மீண்டும் அமைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பூட் ஆகாவிட்டால் பதற வேண்டாம். பைல்கள் அழிந்துவிட்டதாக அதற்குப் பொருள் அல்ல. பூட் லோடர் சரியாக அமையவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பென் டிரைவில் பூட் செய்தால் மெனுவில் "பூட் ரிப்பேர்" உள்ளது. அது பெரும்பாலும் சரி செய்துவிடும்.

பழைய சிஸ்டத்தை அவசரத்திற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஹோமைப் பயன்படுத்துவதால், புதிய பயர்பாக்ஸ் எழுதிய செட்டிங்குகளைப் பழைய பயர்பாக்ஸ் ஏற்காது. பழைய மின்ட் பூட் ஆக ஒன்றரை நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தால், புதிய இன்ஸ்டாலர் ஸ்வாப்பைப் பார்மட் செய்து அதன் அடையாள எண்ணை மாற்றியிருக்கும். இதனால் பைல்களுக்குப் பாதிப்பு இல்லை.

ஒரு மாதம் எந்தச் சிக்கலும் இல்லை என்றால் பழைய ரூட்டான எஸ்டிஏ1ஐப் பார்மட் செய்து வேறு எதற்காவது பயன்படுத்தலாம். பேக்கப் டிஸ்க்கை அதற்கு முன் அழிக்க வேண்டாம். டைம்ஷிப்டில் இரண்டு அல்லது மூன்று பிரதிகள் மட்டும் வைக்கும்படி அமையுங்கள்.

2029ல் இந்தப் பதிப்புக்கும் அப்டேட்கள் நிற்கும். அப்போது பேக்கப் எடுத்துச் சோதித்த பின், ரூட்டை மட்டும் பார்மட் செய்து அடுத்த பதிப்பைப் பதிந்தால் போதும். டிஸ்க்கில் எந்தச் சுவரையும் நகர்த்த வேண்டி இருக்காது.